குளியல் தொட்டியா, தராசா? ஆர்க்கிமிடீஸ் கிரீடக் கலப்படத்தைக் கண்டுபிடித்தது எப்படி?

ஆர்க்கிமிடீஸ்னு சொன்னாலே குளியல் தொட்டியில் இருந்து எழுந்து தெருவில் ஓடிய கதைதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கதையில் ஒரு சிக்கல் இருக்கு.

யார் இவர்?

இத்தாலியை ஒட்டிய சிசிலித் தீவில், சிரக்யூஸ் என்ற கிரேக்க நகரில் சுமார் கி.மு. 287-ல் பிறந்தவர். அப்பா பிடியாஸ் ஒரு வானியலாளர். நகரை ஆண்ட மன்னர் இரண்டாம் ஹீரோனுக்கு நெருக்கமானவர்.

கிரீடத்தில் என்ன பிரச்னை?

கடவுளுக்குக் காணிக்கையாகத் தங்கக் கிரீடம் செய்யச் சொல்லி மன்னர் தங்கம் கொடுத்தார். கிரீடம் வந்தது, எடையும் சரியா இருந்தது. ஆனால் கொஞ்சம் தங்கத்தை எடுத்துக்கொண்டு அதே எடைக்கு வெள்ளியைச் சேர்த்துட்டாங்க என்று புகார். உருக்காமல், உடைக்காமல் கண்டுபிடிக்கணும்.

இங்கேதான் அடர்த்தி வருது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுக்கு உலோகக் கட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் 2.7 கிலோ. இரும்பு சுமார் 7.9 கிலோ, செம்பு கிட்டத்தட்ட 9. வெள்ளி 10.5, ஈயம் 11.3. தங்கம்? 19.3 கிலோ! ‘இரும்பு மாதிரி கனம்’ என்கிறோம், ஆனால் தங்கத்தின் கனத்தில் பாதிகூட இரும்பு இல்லை.

அதாவது, ஒரே எடைக்கு வெள்ளி அதிக இடத்தை அடைக்கும். வெள்ளி கலந்த கிரீடத்தைத் தண்ணீரில் போட்டால் அதிகத் தண்ணீர் வெளியேறும். தொட்டியில் உட்கார்ந்தபோது இதுதான் அவருக்குப் பிடிபட்டதாம்.

அப்போ சிக்கல் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ சுத்தத் தங்கம் வெளியேற்றும் தண்ணீர் சுமார் 52 மில்லி. அதில் 300 கிராம் வெள்ளி என்றால் சுமார் 65 மில்லி. வித்தியாசம் வெறும் 13 மில்லி. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டப் பாத்திரத்தில் நீர்மட்டம் அரை மில்லிமீட்டர்கூட கூடாது. கண்ணால் பார்த்துத் திருட்டை நிரூபிக்க முடியுமா?

இந்தச் சந்தேகம் கலிலியோவுக்கும் வந்தது. 1586-ல், 22 வயதில், சிறிய தராசு பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தராசின் ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் அதே எடைக்குச் சுத்தத் தங்கம். காற்றில் சமமாக நிற்கும். இரண்டையும் தண்ணீரில் முக்கினால் கலப்படப் பக்கத்தைத் தண்ணீர் அதிகமாக மேலே தள்ளும், அந்தப் பக்கம் எழும்பிடும். நம்ம கணக்குப்படி 13 கிராம் வித்தியாசம். தராசில் இது பளிச்சுனு தெரியும். ஆர்க்கிமிடீஸ் செய்தது இதுவாகத்தான் இருக்கணும் என்பது கலிலியோவின் ஊகம். நமக்கும் அதுதான் நம்பும்படி இருக்கு.

ஏன்னா, தொட்டிக் கதையை எழுதிய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சுமார் இரு நூற்றாண்டுகள் கழித்து வந்தவர். மிதக்கும் பொருள்கள் பற்றிய ஆர்க்கிமிடீஸின் நூலில் மேல்நோக்கிய விசைக்கான விதி இருக்கு, கிரீடம் இல்லை.

இந்தச் சோதனைக்கும் ஒரு ஓட்டை உண்டு. டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி ஏறக்குறைய தங்கத்தின் அளவுதான். தங்கக் கட்டிக்குள் அதை வைத்தால் தண்ணீர்ச் சோதனை ஏமாந்துவிடும். நல்லவேளை, அந்தக் காலத்தில் டங்ஸ்டன் யாருக்கும் தெரியாது.

இறுதி நாட்கள்

ஹீரோன் மறைந்தபின் சிரக்யூஸ் ரோமை விட்டு விலகி கார்த்தேஜ் பக்கம் சாய்ந்தது. மார்செல்லஸ் தலைமையில் ரோமப் படை முற்றுகையிட்டபோது, ஆர்க்கிமிடீஸ் வடிவமைத்த கல்லெறி கருவிகள்தான் நகரைத் தாங்கின. கி.மு. 212-ல் நகரம் விழுந்தது. அவரை உயிரோடு பிடிக்கத்தான் மார்செல்லஸ் விரும்பினார் என்கிறார்கள். ஆனால் ஒரு சிப்பாய் வெட்டிக் கொன்றுவிட்டான்.

கி.மு. 75-ல் சிசிலிக்கு அதிகாரியாகப் போன சிசரோ, முட்புதருக்குள் அவரது கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தார். அடையாளம் காட்டியது, மேலே செதுக்கியிருந்த ஒரு கோளமும் உருளையும். அந்த இரண்டின் கன அளவு விகிதத்தை நிரூபித்ததைத்தான் ஆர்க்கிமிடீஸ் தன் பெரிய சாதனையாக நினைத்தாராம்.