அடுப்படியில் இறைச்சந்நிதி

பாரிஸ் மாநகரின் வோஜிரார் தெருவில் புனித சூசையப்பர் ஆலயம் ஒன்று உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் கார்மேல் சபைத் துறவிகளின் மடம் அங்கே இயங்கி வந்தது. ஸ்பெயின் நாட்டில் அவிலா தெரேசாவும் சிலுவை யோவானும் சீர்திருத்திய சபை அது. மௌனமும் தியானமும் அதன் உயிர்நாடி. அந்த மடத்தின் சமையலறையில் அதிகம் படிக்காத, கால் ஊனமுற்ற சகோதரர் ஒருவர் பல ஆண்டுகள் அடுப்பின் முன் நின்று பணிபுரிந்தார். நாளடைவில் குருக்களும் கன்னித்துறவியரும் கற்றறிந்தோரும் அவரைத் தேடி வந்தனர். எப்படிப் பிரார்த்திப்பது என்பதையே அவரிடம் கேட்டனர். அவர்தான் சகோதரர் லாரன்ஸ்.

அவரது முகத்தில் கண்ட அமைதி பலரையும் கவர்ந்தது. ஆனால் அந்த அமைதிக்கு முன்னால் பல ஆண்டுகள் நீடித்த அச்சம் ஒன்று இருந்தது என்பதை அறிந்தால்தான் அவரது வாழ்வின் பொருள் நமக்கு விளங்கும்.

இலையற்ற மரம்

லொரேன் என்ற பகுதி இன்று பிரான்ஸ் நாட்டில் உள்ளது. அங்கே லூனெவில் நகருக்கு அருகிலுள்ள எரிமெனில் என்ற சிற்றூரில், 1614ஆம் ஆண்டளவில் நிக்கோலா எர்மான் பிறந்தார். லாரன்ஸ் என்பது அவர் துறவு பூண்டபின் ஏற்ற பெயர். எளிய, இறைபக்தி நிறைந்த குடும்பத்தில் அவர் வளர்ந்தார்.

18ஆம் வயதில், குளிர்காலத்தில் ஒருநாள், இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு நின்ற ஒரு மரத்தை அவர் கண்டார். அந்தப் பருவத்தில் அங்கே எல்லா மரங்களும் அப்படித்தான் நிற்கும். ஆயினும் அன்று அவரது மனத்தில் ஓர் எண்ணம் ஆழமாகப் பதிந்தது. இன்னும் சில மாதங்களில் இதே மரம் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும். வறண்டு நிற்கும் கிளைக்குள்ளே உயிரைக் காத்து வைப்பவர் இறைவன் அல்லவா? இறைவனின் பராமரிப்பும் ஆற்றலும் அந்தக் கணத்தில் அவருக்குப் புலப்பட்டன. அன்று மூண்ட அன்பு பின்னர் வளர்ந்ததா என்பதைத் தம்மால் கூற இயலாது என்று அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. அவ்வளவு முழுமையாக அது முதல்நாளே அவரை ஆட்கொண்டிருந்தது.

ஆனால் அவரது வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. ஐரோப்பாவை 1618 முதல் 1648 வரை அலைக்கழித்த முப்பதாண்டுப் போரில் அவர் படைவீரரானார். ஒருமுறை ஜெர்மானியப் படையினர் அவரை ஒற்றன் என்று சந்தேகித்துப் பிடித்துத் தூக்கிலிடுவதாக மிரட்டினர். தாம் ஒற்றன் அல்லர் என்றும், தம் மனச்சாட்சி குற்றம் சாட்டாததால் மரணம் தமக்கு ஒரு பொருட்டல்ல என்றும் அவர் அமைதியாகக் கூறவே விடுவித்தனர். 1635இல் ராம்பெர்வில்லே என்ற ஊரில் நடந்த தாக்குதலில் அவர் காயமுற்று வீடு திரும்பினார். அவரது படைவாழ்வு அத்துடன் முடிந்தது.

அதன்பின் ஒரு பிரபுவுடன் சேர்ந்து தனிமையில் தவவாழ்வு வாழ முயன்றார். அங்கே மனம் ஒரு நாள் மகிழ்ச்சியிலும் மறுநாள் சோர்விலும் ஊசலாடியது. தனக்கென ஒரு நெறியும் வழிகாட்டுவாரும் இல்லாத தனிமை தமக்கு ஏற்றதன்று என்று உணர்ந்து அதை விட்டார். பாரிசில் ஃபியூபே என்ற அரசு நிதி அதிகாரியின் மாளிகையில் ஊழியம் செய்தார். அங்கும் கைக்கு வந்த பொருளை எல்லாம் உடைத்துவிடும் முரட்டு ஆள் என்றே தம்மைப் பிற்காலத்தில் அவர் வருணித்துக்கொண்டார்.

நான்கு ஆண்டு அச்சம்

1640இல் அவர் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். குருவாகும் கல்வி இல்லாததால், உடலுழைப்புப் பணிகளைச் செய்யும் சகோதரர்களுள் ஒருவராக ஏற்கப்பட்டார். உயிர்த்தெழுதலின் லாரன்ஸ் என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. 1642இல் துறவற வார்த்தைப்பாடு அளித்தார். தமது தவறுகளுக்கும் கைத்தடுமாற்றத்துக்கும் மடத்தில் கடுமையான தண்டனை கிடைக்கும், அதை இறைவனுக்குக் காணிக்கையாக்கலாம் என்று எண்ணியே அவர் வந்திருந்தார். அங்கே அவருக்குக் கிடைத்ததோ மகிழ்ச்சி. இறைவன் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று இதைப்பற்றி அவர் வேடிக்கையாகக் கூறுவார்.

ஆனால் வெளியே மகிழ்ச்சி இருந்தபோது உள்ளே புயல் எழுந்தது. தாம் மீட்புப் பெறப்போவதில்லை, நரகமே தமக்கு விதிக்கப்பட்டது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. யார் என்ன கூறியும் அந்த எண்ணத்தை அகற்ற முடியவில்லை. நான்கு ஆண்டுகள் அவர் அந்த வேதனையில் உழன்றார்.

இந்த அச்சம் அவர் ஒருவருக்கு மட்டுமே உரியதன்று. அவர் மடத்தில் நுழைந்த அதே 1640இல்தான் யான்செனியுஸ் என்ற ஆயர் புனித அகஸ்தீனைப் பற்றி எழுதிய பெருநூல் அவரது மறைவுக்குப் பின் வெளிவந்தது. இறையருள் யாருக்குக் கிடைக்கும், மனிதனின் சுதந்திரம் எவ்வளவு என்ற கேள்விகள் பிரான்ஸ் முழுவதும் பல்லாண்டுகள் விவாதிக்கப்பட்டன. பாஸ்கால் போன்ற பேரறிஞர்கள் அந்த விவாதத்தில் கலந்துகொண்டனர். அறிஞர்கள் நூல்களால் வாதிட்ட கேள்வியை, படிக்காத இந்தச் சகோதரர் தம் நெஞ்சுக்குள் சுமந்தார்.

அவர் அதற்குக் கண்ட விடை வாதத்தால் வந்ததன்று. தாம் எதற்காக மடத்துக்கு வந்தோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இறைவன்மீது கொண்ட அன்பிற்காகவே வந்தோம், வேறெதற்காகவும் இல்லை என்பது தெளிவாயிற்று. அப்படியானால் தமக்குக் கிடைப்பது மீட்பா அழிவா என்று கணக்கிடுவது எதற்கு? முடிவு எதுவானாலும், உயிருள்ளவரை இறைவனை அன்பு செய்வதற்காகத் தம்மால் இயன்றதைச் செய்வோம் என்று தீர்மானித்தார். இந்தச் சங்கடம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தாலும் தொடரட்டும் என்று அதனையும் ஏற்றுக்கொண்டார். அவ்வாறு ஏற்றுக்கொண்ட பின்னரே அச்சம் விலகியது. தமது துன்பம் எல்லாம் நம்பிக்கைக் குறைவால் வந்தது என்பதை அப்போது கண்டுகொண்டார்.

பக்தி வாழ்வில் மிக நுட்பமான இடம் இது. இறைவனை நாம் நாடுவதாக எண்ணிக்கொண்டே, பெரும்பாலும் நமது பாதுகாப்பையே நாடுகிறோம். லாரன்ஸ் அந்தப் பாதுகாப்பையும் கிறிஸ்துவின் கைகளில் ஒப்படைத்தார். அவர் காட்டும் சரணாகதியின் பொருள் இதுதான்.

அடுப்படியில் பிரார்த்தனை

மடத்தில் அவருக்குக் கிடைத்த பணி சமையல். இயல்பாகவே அவருக்குச் சமையலறைமீது பெரும் வெறுப்பு இருந்தது. ஆயினும் 15 ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். வேலை தொடங்குமுன், தம்மருகே இருக்கும் இறைவனிடம், இந்த வேலையிலும் உமது சந்நிதியை மறவாமல் இருக்க அருள்புரியும் என்று சுருக்கமாக வேண்டிக்கொள்வார். வேலை செய்யும்போது நண்பரிடம் பேசுவது போல எளிய சொற்களால் அவரிடம் பேசிக்கொண்டிருப்பார். முடிந்ததும் தம்மை ஆராய்வார். வேலை நன்றாக அமைந்திருந்தால் நன்றி செலுத்துவார், குறை இருந்தால் மன்னிப்புக் கேட்பார். மனம் தளராமல் அடுத்த வேலையில் இறங்குவார்.

முட்டை அடையைச் சட்டியில் திருப்பிப் போடுவதையும் இறையன்பிற்காகவே செய்வார். அது முடிந்து வேறு வேலை இல்லையெனில், தரையில் விழுந்து வணங்கிவிட்டு எழுவார். கீழே கிடக்கும் வைக்கோல் துரும்பை இறையன்பால் எடுத்தாலும் அவருக்கு அது வழிபாடே. பாத்திரங்களின் ஓசையும் பலர் ஒரே நேரத்தில் பல பொருட்களைக் கேட்கும் பரபரப்பும் நிறைந்த சமையலறையில், நற்கருணையின் முன் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதி தமக்கு இருப்பதாக அவர் கூறினார்.

இதனால் அவர் மடத்தின் பிரார்த்தனை வேளைகளைப் புறக்கணித்தார் என்று கருதக் கூடாது. சபையின் ஒழுங்குப்படி குறித்த நேரத்தில் ஆலயத்துக்குச் சென்றார், பாவசங்கீர்த்தனம் செய்தார். தொடக்க காலத்தில் தியான வேளை முழுவதும் அலைபாயும் எண்ணங்களைத் தள்ளுவதிலும் மீண்டும் அவற்றில் விழுவதிலுமே கழிந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. மனம் இறைவனை விட்டு விலகிவிட்டதை உணரும்போது கலங்காமல், அமைதியாக அதைத் திரும்ப அழைத்து வந்தால் போதும் என்பதே அவர் கண்ட வழி.

மடத்துக்குத் திராட்சை மது வாங்குவதற்காக அவரை பர்கண்டிப் பகுதிக்கு அனுப்பினார்கள். வணிகம் அவருக்குத் தெரியாது. கால் ஊனத்தால் படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின்மேல் உருண்டே நகர வேண்டியிருந்தது. இது இறைவனுடைய வேலை என்று அவரிடமே கூறிவிட்டுச் செய்தார், வேலை நன்றாகவே முடிந்தது. பின்னர் உடல்நலம் குன்றியதால் உட்கார்ந்தபடி செய்யத்தக்க காலணி தைக்கும் பணி கொடுக்கப்பட்டது. அங்கும் அவர் அப்படியே இருந்தார்.

இறுதி நாட்கள்

1666 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஜோசப் தெ போஃபோர் என்ற குரு அவரை முதன்முறையாகச் சந்தித்தார். தொடர்ந்து அவர்களிடையே நடந்த உரையாடல்களைப் போஃபோர் குறித்து வைத்தார். புகழ்பெற்ற எழுத்தாளரான ஃபெனெலோனும் நோயுற்றிருந்த லாரன்ஸைக் கண்டு, கடும் வேதனையிலும் அவர் மகிழ்ச்சியாக இருந்ததைப் பதிவு செய்துள்ளார்.

1691 பிப்ரவரி 12ஆம் நாள், ஏறத்தாழ 77 வயதில் லாரன்ஸ் காலமானார். மரணப்படுக்கையில் என்ன செய்துகொண்டிருக்கிறீர் என்று கேட்டவர்களுக்கு, நித்தியத்திலும் தாம் செய்யப்போவதையே, அதாவது இறைவனைப் போற்றி அன்பு செய்வதையே செய்துகொண்டிருப்பதாகப் பதிலளித்தார். ஒருகாலத்தில் நரகமே தமக்கு விதிக்கப்பட்டது என்று நடுங்கியவர் அவர் என்பதை நினைவிற்கொண்டால், இந்தப் பதிலின் அருமை விளங்கும்.

அவரது கடிதங்களையும் உரையாடல்களையும் போஃபோர் 1692, 1694ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அவை பல மொழிகளில் பரவின. கத்தோலிக்கர் மட்டுமன்றி, மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி போன்றோரும் அவற்றைப் போற்றித் தம் அன்பர்களுக்கு வழங்கினர்.

பிரார்த்தனைக்கு நேரமில்லை என்பது இன்று நம்மில் பலரது குறை. லாரன்ஸுக்கும் நேரம் இருக்கவில்லை. விருப்பமான வேலையும் இல்லை, நல்ல உடல்நலமும் இல்லை, மீட்பு உறுதி என்ற மனநிறைவும் நெடுங்காலம் இல்லை. இருந்தது ஓர் அடுப்பும், அதன் அருகே இறைவன் இருக்கிறார் என்ற நம்பிக்கையும்தான். நம் வீட்டு அடுப்படியிலும் அலுவலக மேசையிலும் ஒரு வேலையைத் தொடங்குமுன் ஒரு கணம் நின்று அவரை நினைத்துக்கொள்ள நம்மாலும் இயலும். நாளை அதை மறந்துவிட்டால், மறந்ததற்காகச் சோர்ந்துவிடாமல் மீண்டும் தொடங்குவோம்.