முப்பது வயதில் வந்த முதல் ஒலிம்பிக்

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது நான் மூன்றாம் படிவ மாணவன். ஜொகூர் பாருவின் லார்க்கின் அரங்கத்தில் 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடவேண்டும் என்பதே அப்போதைய என் கனவு. ஆனால், வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் முக்காலிகளை வரிசையாக வைத்துத் தாண்டிக்கொண்டிருந்தேன். போட்டி இல்லாமலே மாதங்கள் ஓடின. என் காலம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் டங்கன் வைட்டைப் பற்றிப் படித்தேன்.

1918 மார்ச் 1ஆம் தேதி இலங்கையின் லத்பந்துரவில் பிறந்தவர் அவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தார். ஓட்டக்காரரின் கால்கள் உச்ச வேகத்தை எட்டும் வயதில் உலகப் போர் குறுக்கே வந்தது. 1940 ஒலிம்பிக் நடக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 22. 1944 ஒலிம்பிக்கும் நடக்கவில்லை, வயது 26. அவர் ஓடுவதை விடவில்லை.

1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு லண்டனில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 10 தடைகள்; ஒவ்வொன்றும் 91.4 சென்டிமீட்டர் உயரம்; இடைவெளி 35 மீட்டர். வேகம் மட்டும் போதாது. காலடிகளை எண்ணி ஓட வேண்டும். ஓரடி பிசகினாலும் அடுத்த தடையின்முன் தயங்க நேரும்.

ஜூலை 31, வெம்ப்ளி அரங்கில் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் ராய் காக்ரன் 51.1 வினாடியில் முதலிடம். 51.8 வினாடியில் வைட் இரண்டாவது. முப்பது வயதில் அவர் வென்ற அந்த வெள்ளிதான் இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

1950இல் ஆக்லாந்தில் நடந்த பிரிட்டிஷ் எம்பையர் போட்டியில் 440 கெஜத் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். பின்னர் உடற்கல்வி கற்பித்தார். 1998இல் இங்கிலாந்தில் காலமானார். இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2000இல் சிட்னியில், சுசந்திகா ஜயசிங்கவின் மூலம் கிடைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஐந்தாம் படிவத்தில் மீண்டும் திடலில் இறங்கினேன். பதக்கம் கிடைக்கவில்லை, பத்துத் தடைகளையும் தாண்டி முடித்தேன். இப்போது வார இறுதிகளில் சிறுவர்களுக்குத் தடை ஓட்டம் சொல்லித் தருகிறேன். இந்த ஆண்டு வாய்ப்பு போய்விட்டதே என்று யாராவது அழுதால், வைட் முதல் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு என்ன வயது என்று மட்டும் கேட்பேன்.