வாயில்லா உயிர்களுக்காக வாதாடிய அம்மையார்

சீவக சிந்தாமணியில், அடியுண்டு குற்றுயிராய்க் கிடந்த நாய்க்குச் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதிய வரலாறு நம் இல்லங்கள் அறிந்ததே. அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. காவிரிக் கரைக் கும்பகோணத்தில், சமணப் பெருமக்களிடம் ஐயம் தெளிந்து, உ. வே. சாமிநாத ஐயர் 1887-இல் அக்காப்பியத்தை அச்சேற்றினார். காப்பிய நாய்க்குத் தேவகதி கிட்டியது. நம் காலத்தில் அடியுண்ணும் நாய்க்குச் சட்டத்தின் காவல் கிட்ட உழைத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்.

1904 பிப்ரவரி 29-இல் மதுரையில் பிறந்த அம்மையார், 1920-இல் பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். தஞ்சைத் தரணியின் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்று, 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அவரை நாட்டியத்தால் மட்டுமே பலர் அறிவர். அவருடைய மற்றொரு தொண்டினையே நாம் இங்கு நினைவுகூர்கிறோம்.

1952-இல் அவர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அந்நாளில் நிலவிய 1890-ஆம் ஆண்டுச் சட்டம், தெருவிலும் பொது இடங்களிலும் நிகழும் கொடுமைகளையே பெரிதும் கருதியது. அம்மையார் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்து 1954-இல் அவையில் வாதாடினார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அதனைத் திரும்பப் பெற்றார். பின்னர்க் குழு ஆராய்ந்து, 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் சென்னையில் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவராகி, 1986 பிப்ரவரி 24-இல் மறையும் வரை அப்பணியிலேயே நின்றார்.

அணுவிரதியர் அகிம்சையில் விலக்க வேண்டிய அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவ்வைந்தையும் அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவில் காண்கிறோம். எப்போதும் சங்கிலியில் கிடக்கும் நாயை உலவவிடாத உரிமையாளரும் அப்பிரிவின்படி குற்றவாளியே.

தண்டிப்பதோடு அச்சட்டம் அமையவில்லை. காவலர் நிலைக்கு மேற்பட்ட காவல் அலுவலர் கொடுமைக்குள்ளான பிராணியைக் கைப்பற்றி, நீதிபதியிடமோ கால்நடை மருத்துவரிடமோ காட்டலாம். அது தேறும்வரை மருத்துவ இல்லத்தில் பேணுமாறு நீதிபதி ஆணையிடலாம். செலவு உரிமையாளரைச் சாரும். அவர் வறியவராயின் சிகிச்சைக் கட்டணத்தை விலக்கவும் இடமுண்டு. குற்றம் உறுதிப்பட்டு, மீண்டும் கொடுமை நேரும் எனத் தோன்றின், பிராணியின் மீதுள்ள உரிமையையே நீதிமன்றம் பறிக்கலாம். வழக்கு நடக்கும் காலத்தில் பிராணியைப் பேணும் முறையை 2017-ஆம் ஆண்டு விதிகள் விரித்துரைத்தன.

ஆயினும் முதற் குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. அச்சத்தால் மட்டும் அறம் நிலைபெறாது என்பதற்கு இதுவே சான்று. மீட்ட பிராணிக்கு உணவும் மருந்தும் இடமும் தர மனிதர் வேண்டும். பிஞ்சராபோல் என்னும் பிராணிக் காப்பகங்களை வடபுலத்துச் சமணர் நெடுங்காலமாகப் பேணி வருகின்றனர். அச்சட்டமும் அவற்றைப் பெயர் சுட்டிக் கூறுகிறது.

கரந்தையிலும் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் ஜினாலயம் தொழும் நாம், நெற்களத்தையும் வாயிலையும் காக்கும் நாயின் கழுத்துச் சங்கிலியையும் நீர்க்கலத்தையும் நாள்தோறும் நோக்குவோமாக. அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அங்கிருந்தே தொடங்கட்டும்.