சிரித்த முகமும் சினந்த குரலும்

ஜாஸ் இசையை அறியாதவர்களும் லூயி ஆம்ஸ்ட்ராங்கை அறிவர். அகன்ற சிரிப்பு, வியர்வையை ஒற்றும் வெள்ளைக் கைக்குட்டை, கரகரத்த குரல். அந்தச் சிரிப்பே பிற்காலத்தில் அவர் மீதான குற்றச்சாட்டாகவும் ஆனது.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் 1901 ஆகஸ்ட் 4 அன்று பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் வண்டியில் ஏறி வீடு வீடாக நிலக்கரி விற்றான் சிறுவன் லூயி. 1912-ஆம் ஆண்டின் கடைசி இரவில், கொண்டாட்டக் களிப்பில் தெருவில் நின்று துப்பாக்கியால் சுட்டதற்காகக் கைதாகி, சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவன் கையில் கார்னெட் கருவியைக் கொடுத்து முறையாகப் பயிற்றுவித்தார். தண்டனை, கல்வியாக மாறிய அரிய தருணம் அது.

தென் மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்து வடக்கின் ஆலைகளை நோக்கிக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் இடம்பெயர்ந்த காலம் அது. பொருளாதாரம் படித்தவர்கள் அதை உழைப்புச் சந்தையின் நகர்வு என்போம். அந்த ரயில்களில் இசையும் ஏறிச் சென்றது என்பதை எங்கள் பாடநூல்கள் சொன்னதில்லை. 1922-இல் தன் குருவான கிங் ஆலிவரின் அழைப்பை ஏற்று ஆம்ஸ்ட்ராங்கும் சிகாகோவுக்கு ரயிலேறினார்.

1925 முதல் 1928 வரை தம் சிறு குழுக்களுடன் அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஜாஸின் போக்கையே மாற்றின. அதுவரை கூட்டாக வாசிப்பதே மரபு. தனியொருவர் தம் கற்பனையைத் தயக்கமின்றி விரித்துரைக்கும் தனி வாசிப்பை அவர் மையத்துக்குக் கொண்டுவந்தார். ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ தொடங்கும்போது பக்கவாத்தியம் ஏதுமின்றித் தனித்து எழும் அந்த டிரம்பெட் ஒலிக்காகவே அதைப் பல நூறு முறை கேட்டிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. ராக் இசைக் கச்சேரியில் கிதார் கலைஞர் முன்னால் வந்து தனியே வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆம்ஸ்ட்ராங்கின் நினைவு வரும்.

புகழ் வளர்ந்தது, ஓயாத பயணமும் வளர்ந்தது. உச்ச ஸ்தாயியில் இடைவிடாது ஊதி உதடுகள் புண்ணாகித் தழும்பேறின. ஆனால், உரிமை கேட்டுக் குரலெழுப்பிய இளைய தலைமுறைக்கு அவர் வெள்ளையரை மகிழ்விக்கச் சிரிப்பவராகவே தெரிந்தார். டிஸ்ஸி கில்லெஸ்பி போன்ற பெரும் கலைஞரும் அவ்வாறு குறை கூறி, பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதை மாநில ஆளுநர் படை வைத்துத் தடுத்தார். வெளியுறவுத் துறை திட்டமிட்டிருந்த சோவியத் பயணத்தை ஆம்ஸ்ட்ராங் உதறினார். ஆளுநரை மட்டுமல்ல, அதிபர் ஐசன்ஹோவரையும் கடுஞ்சொற்களால் ஓர் இளம் நிருபரிடம் கண்டித்தார். மறுப்பு வெளியிட அவருடைய பயண மேலாளர் முயன்றபோது, சொன்னது சொன்னதுதான் என உறுதியாக நின்றார். அவரைப் புறக்கணிக்கக் கோரும் குரல்கள் எழுந்தன. சில நாள்களில் அதிபர் ராணுவத்தை அனுப்பி மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்ல வைத்தார். ஆம்ஸ்ட்ராங்கின் பேச்சுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், இழப்பதற்கு அவரிடம் நிறைய இருந்தது. அதைத் தெரிந்தே பேசினார்.

இன்னொரு செயல் இதைவிட அமைதியானது, என் பார்வையில் இதைவிடப் பெரியது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் வாசிப்பதை லூசியானா மாநிலம் 1956-இல் சட்டமியற்றித் தடுத்தது. அவருடைய குழுவோ இரு இனத்தாரும் கலந்தது. எனவே, சொந்த ஊரில் வாசிப்பதையே நிறுத்திக்கொண்டார். குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகு, 1965-இல்தான் அங்கு மீண்டும் மேடையேறினார்.

அதற்கு முந்தைய ஆண்டு, ‘ஹலோ டாலி’ பாடல் மூலம் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து பீட்டில்ஸ் குழுவை இறக்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 62.

1971 ஜூலை 6 அன்று, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், 1943 முதல் வசித்து வந்த எளிய வீட்டில் உறக்கத்திலேயே காலமானார். அப்பகுதியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நியூ ஆர்லியன்ஸில் அல்ல.