ஒளித்த பெயரையே இதழுக்குச் சூட்டியவர்

கல்லூரி விடுதியில் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, தெருப் பெயரைச் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் நம்மிடையே இன்றும் உண்டு. அந்தத் தயக்கம் இரட்டைமலை சீனிவாசனுக்கும் இருந்தது. செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த அவர் கோவையில் படித்தார். உடன் படித்த சுமார் 400 பேரில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி யாரோடும் விளையாட மாட்டார். மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்து படிப்பார். பள்ளி விட்டதும் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார்.

நீலகிரியில் கணக்கராக இருந்துவிட்டு 1890-இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் நான்கு பக்க மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். விலை இரண்டணா. பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லுக்கு அஞ்சிச் சிறுவயதில் ஒதுங்கி நின்றாரோ, அந்தச் சொல்லையே இதழின் முகப்பில் அச்சிட்டார். தன்னை மறைத்துக்கொள்கிறவன் உரிமை கேட்க முடியாது என்பது அவர் கண்ட முடிவு.

மூன்றே மாதத்தில் அது வார இதழானது. இங்கிலாந்தில் நடந்துவந்த சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று அப்போது காங்கிரசார் கேட்டனர். நடத்தினால் ஆதிக்கச் சாதியினரே அதிகாரிகளாகி ஒடுக்குவார்கள் என்று சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேர் ஒப்பமிட்ட 112 அடி நீள மனு பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. ஒளிந்து நடந்த சிறுவனின் பின்னால் ஆயிரக்கணக்கானோர் பெயரோடு நின்றார்கள்.

1900-இல் அவர் கடல் கடந்து போக, இதழும் நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி 1921-இல் திரும்பினார். பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

நூறாண்டு கண்ட நாளேடுகள் நம் நாட்டில் உண்டு. 'பறையன்' ஓடியது ஏழாண்டுதான். ஆனால் நம் தெருவின் சேதியை நாமே எழுதலாம் என்று அது காட்டிவிட்டுப் போனது. பாதை அடைக்கப்பட்டாலும் தண்ணீர் மறுக்கப்பட்டாலும், ஊரைக் குறித்து, தெருவைக் குறித்து எழுதுவோம். மாணவர்களே, முதல் வரியை நீங்கள் எழுதுங்கள்.