நியமித்தவருக்கு அடிபணியாத நீதியரசர்

ஓமந்தை விவசாயி ஒருவர் வழக்கென்று வந்தால் வவுனியா நீதிமன்றப் படியேறுகிறார். அங்குள்ள நீதிபதியை இடமாற்றும் அதிகாரம் நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு உரியது. அதன் தலைவர் பிரதம நீதியரசர். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டியதும் கொழும்பு உயர் நீதிமன்றத்தில்தான். ஆகவே பிரதம நீதியரசரை யார், எப்படி நியமிக்கிறார்கள் என்பது ஓமந்தையின் கேள்வியும்தான். நெவில் சமரக்கோனின் வாழ்க்கை அதை நன்கு விளக்குகிறது.

1919 இல் பிறந்த சமரக்கோன் பெயர்பெற்ற சட்டத்தரணி, ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு நெருக்கமானவர். 1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர்., பதவியிலிருந்த நீதிபதிகளைத் தாண்டி அவரை நேரடியாகப் பிரதம நீதியரசராக்கினார். மறு ஆண்டு புதிய அரசியலமைப்பு வந்ததும் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் பதவியிழந்தனர். ஜனாதிபதி சிலரையே மீண்டும் நியமித்தார். சிலர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இறக்கப்பட்டனர்; சிலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

தன்னை நியமித்தவருக்குத் தலையாட்டும் நீதியரசராகச் சமரக்கோன் இருக்கவில்லை. நீதிமன்றம் அரசுக்கு எதிராகவும் தீர்ப்பளித்தது. 1983 ஜூனில் அப்படியொரு தீர்ப்பு வழங்கிய நீதிபதிகளின் வீடுகளுக்கு முன் கும்பல் திரண்டு ஏசியது. தவறிழைத்ததாக நீதிமன்றம் கண்ட பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சில மாதங்களில், ஆறாவது திருத்தத்தின்படி உரியவர் முன் சத்தியப்பிரமாணம் செய்யவில்லை என்று கூறி, நீதிபதிகளின் அறைகளே பூட்டப்பட்டன. பிறகு ஜனாதிபதி அவர்களுக்குப் புதிய நியமனக் கடிதம் கொடுத்தார்.

1984 இல் பரிசளிப்பு விழா ஒன்றில் சமரக்கோன் அரசாங்கத்தை வெளிப்படையாக விமர்சித்தார். அவரை விசாரிக்க நிலையியற் கட்டளை 78அ புதிதாக உருவாக்கப்பட்டு, பாராளுமன்றத் தெரிவுக்குழு அமர்ந்தது. விசாரணை முடியுமுன் ஒக்டோபரில் 65 வயது நிறைந்து அவர் ஓய்வுபெற்றார். பதவி நீக்கத்துக்குரிய குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றே குழு பின்னர் அறிக்கையிட்டது. 1990 இல் அவர் காலமானார்.

அவர் போனார், 78அ தங்கிவிட்டது. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க நீக்கப்பட்டது அதே கட்டளையின் கீழ்தான்.

ஜனாதிபதியின் தனி அதிகாரத்துக்குக் கடிவாளமாக 2001 இல் 17 ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. 2010 இல் அது பறிபோனது; 2015 இல் மீண்டது; 2020 இல் மீண்டும் பறிபோனது; 2022 இல் திரும்ப வந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் மாறுகிற வேலி பயிரைக் காக்காது.

சமரக்கோன் நேர்மையாக நின்றது நாட்டின் அதிர்ஷ்டம். நீதியை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிட முடியாது. வலுவில்லாத சமூகங்களுக்கு, அவை தமிழரோ முஸ்லிம்களோ, கடைசிக் கதவு நீதிமன்றம். அதன் சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கக்கூடாது.