தொழில் இலாகாவில் டாக்டர் அம்பேத்கார்

நம் பல்கலைக்கழகத்திலிருந்து அலிப்பூர் சாலை அதிக தூரமில்லை. அச்சாலையில் 26-ஆம் எண் இல்லத்தில்தான் 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கார் காலமானார். அவ்விடத்தில் 2018-இல் விரித்து வைத்த புத்தகத்தின் வடிவில் ஒரு நினைவில்லம் திறக்கப்பட்டது. டில்லிக்கு வந்த முதலாண்டிலேயே நண்பர்களுடன் நானும் அதைப் பார்க்கச் சென்றேன். வழியெல்லாம் அரசியல் சட்டத்தைப் பற்றியே பேச்சு. என் நினைவு மட்டும் வேறெங்கோ இருந்தது.

கோயமுத்தூரில் மில் தொழிலாளியாக இருந்தவர் என் பாட்டனார். காய்ச்சலில் படுத்திருந்த நாட்களுக்கும் ஏறக்குறையப் பாதிக் கூலி கைக்கு வந்ததை ஓர் அதிசயத்தைப் போல அவர் சொல்லுவார். அதற்கு முன்பெல்லாம் ஆள் படுத்தால் அடுப்பும் உடன் படுத்துவிடுமாம். யார் செய்த ஏற்பாடு தாத்தா என்று கேட்டால், சர்க்கார் என்பார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. நூலகத்தில் பழைய ஏடுகளைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது: 1942 ஜூலை முதல் 1946-இன் நடுப்பகுதி வரை, வைசிராயின் நிர்வாக சபையில் தொழில் இலாகாவை வகித்தவர் அம்பேத்கார். அந்த நாலாண்டுகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அவருடைய மற்றப் பெருமைகளை எழுத வேறு பலர் இருக்கிறார்கள்.

1891 ஏப்ரல் 14-இல் மௌ நகரில் பிறந்த அவர், தொழிலாளரைப் புத்தகத்தில் மட்டும் கண்டவரல்லர். பம்பாயில் பரேல் பகுதியில், மில் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த கட்டிடத்தில் இருபது ஆண்டுகளுக்குமேல் குடியிருந்தவர். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பிய பிறகும் அங்கேதான் வாசம். 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண் தொழிலாளிக்கு உதவித்தொகையுடன் ஓய்வு வேண்டும் என்ற மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு அளிக்கும் ஓய்வு நாட்டுக்கே நன்மை என்பது அவர் வாதம். 1936-இல் சுதந்திரத் தொழிற் கட்சியைத் தோற்றுவித்தார். 1938-இல் வேலைநிறுத்த உரிமைக்கு விலங்கு பூட்டிய மசோதா வந்தபோது, தமக்கு ஒவ்வாத கம்யூனிஸ்டுகளுடனும் கைகோத்து, நவம்பர் 7-ஆம் நாள் பம்பாயில் பெரும் வேலைநிறுத்தம் நடத்தினார்.

இப்படி வெளியே நின்று கேள்வி கேட்டவர், 1942-இல் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆசனத்தில் அமர்ந்தார். அந்த ஆசனத்தின் தன்மையையும் சொல்ல வேண்டும். நிர்வாக சபை வைசிராயால் நியமிக்கப்பட்டது. சட்டசபையில் தோற்றாலும் பதவி போகாது. ஆகஸ்ட் மாதமே காங்கிரஸ் தலைவர்கள் சிறைக்குச் சென்றுவிட்டனர். யாருக்கும் பொறுப்பில்லாமல் காலந்தள்ளுவதற்கு அதைவிட வசதியான காலம் ஏது?

அந்தப் பொறுப்பு உரைத்துப் பார்க்கப்பட்ட இடம் நிலக்கரிச் சுரங்கம். பெண்கள் பூமிக்கடியில் வேலை செய்வது 1937-இல் முற்றிலும் தடுக்கப்பட்டிருந்தது. யுத்தம் வந்தது. சுரங்கத் தொழிலாளர் நல்ல கூலியை நாடி ராணுவக் கட்டிட வேலைகளுக்குப் போயினர்; கரி வெட்ட ஆளில்லை; ரயிலுக்கும் ஆலைக்கும் கரி போதவில்லை. 1943 ஆகஸ்டில் தொடங்கி, மத்திய மாகாணத்திலும் பிறகு வங்காளம், பீகார், ஒரிஸ்ஸாவிலும் அத்தடை நீக்கப்பட்டது. நீக்கிய இலாகா அம்பேத்காருடையது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தாய்மாருக்காகப் பரிந்து பேசியவரே பெண்களைச் சுரங்கத்துள் இறக்கினார்!

மாதர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. ரேணுகா ராய் அம்மையார் இதை எதிர்த்து முன்னணியில் நின்றார். கூலியை உயர்த்தினால் ஆண்களே திரும்பி வருவார்கள், பெண்களை ஏன் இறக்க வேண்டும் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் விவாதம் நடந்தது. அம்பேத்கார் எழுந்து பதில் சொன்னார். இது நெருக்கடிக்காகச் செய்த தற்காலிக ஏற்பாடு என்றார். ஆணுக்குச் சமமான கூலி பெண்ணுக்கும் உண்டு என்ற நிபந்தனையை எடுத்துக் காட்டினார். அந்தச் சமக்கூலி நம் நாட்டுத் தொழில் வரலாற்றில் சிறிய காரியமன்று. ஆயினும் எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நியாயமாகவே படுகிறது. அவரைப் போற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பலவும் இந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டிவிடுகின்றன. அது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

அவரிடம் நான் மதிப்பது, தாம் இட்ட உத்தரவின் முகத்தைப் போய்ப் பார்த்ததைத்தான். 1943 டிசம்பரில் தன்பாத் பகுதிக்குச் சென்று, சுமார் 400 அடி ஆழத்தில் சுரங்கத்துள் இறங்கினார். தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் சென்றார். அடுத்த மாதமே, 1944 ஜனவரி 31-இல், நிலக்கரித் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் பிறந்தது. சுரங்கத்தை விட்டுப் போகும் கரியின்மேல் ஒரு வரி. அந்தப் பணம் தொழிலாளரின் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் தண்ணீருக்கும். முதலாளி மனமிரங்கிக் கொடுப்பதாயின் மனம் மாறும்போது நின்றுவிடும். கரியோடு கட்டிய வரி அப்படி நிற்காது. தன்பாத்திலும் அசன்சோலை அடுத்த கல்லாவிலும் பிற்காலத்தில் எழுந்த மத்திய மருத்துவமனைகள் அந்நிதியால் வந்தவை. சுரங்கப் பெண்களின் பிரசவ உதவிச் சட்டமும் 1943-இலும் 1945-இலும் திருத்தப்பட்டது. யுத்தம் முடிந்து ஆறு மாதத்துக்குள், 1946 பிப்ரவரி 1-இல், தடை மீண்டும் வந்தது. பெண்கள் மேலே ஏறினர். சமக்கூலியைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனிப் பாட்டனாரின் காய்ச்சலுக்கு வருகிறேன். 1923-இன் நஷ்டஈட்டுச் சட்டத்தின்படி, இயந்திரத்தில் கை போனால் பணம் உண்டு; சாதாரண நோய்க்கு ஒன்றுமில்லை. நோய் இன்ஷூரன்ஸ் வேண்டுமென்று 1931-லேயே ராயல் தொழில் கமிஷன் சொல்லியிருந்தது. அந்தச் சிபாரிசு பன்னிரண்டு ஆண்டுகள் மாகாணங்களுக்கும் மத்திய சர்க்காருக்குமிடையே பந்தாடப்பட்டது. 1943 மார்ச்சில் பேராசிரியர் பி. பி. அதார்க்கரிடம் திட்டம் வகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது; 1944-இல் அவர் அறிக்கை தந்தார். தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்டுவது. நோயுற்றால் மருந்தும், வேலையிழந்த நாட்களுக்கு ரொக்கமும் உரிமையாகப் பெறுவது. இதுவே அதன் சாரம்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1945-இல் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் வருடாந்திர விடுமுறை சட்டமாயிற்று. 1946-இல் வாரத்துக்கு 54 மணி என்றிருந்த வேலை நேரம் 48 ஆகக் குறைந்தது. பதினான்கு மணி நேர வேலையை ஒரே நாளில் எட்டாக்கினார் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். ஆறு மணி நேரத்தைச் சட்டப்படி மீட்பதற்கே எத்தனை இழுபறி என்பதை அறியாதவர்கள் பேச்சு அது. 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவையும் அவரே கொண்டு வந்தார். அது சட்டமானது 1948-இல்.

1946-இன் நடுவில் பதவி முடிந்தது. இடைக்கால சர்க்காரில் தொழில் இலாகா ஜகஜீவன்ராமிடம் சென்றது. இன்ஷூரன்ஸ் மசோதா அவ்வாண்டு நவம்பரில் சபைக்கு வந்து, 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டமாயிற்று. அப்போது அம்பேத்கார் சட்ட மந்திரி. 1951-இல் அதையும் துறந்தார். 1952-இன் முதல் பொதுத் தேர்தலில் பம்பாயில் நின்று தோற்றார். அடுத்த மாதம், பிப்ரவரி 24-ஆம் நாள், கான்பூரிலும் டில்லியிலும் அந்த இன்ஷூரன்ஸ் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கான்பூரில் தொடங்கி வைத்தவர் நேரு.

சென்னை ராஜ்யத்தில் அது முதலில் வந்த ஊர் கோயமுத்தூர், ஆண்டு 1955. பாட்டனார் மில்லில் சேர்ந்து அப்போது இரண்டு வருஷமாகியிருந்தது.